எது கெதி? கணினி இயங்குதளங்களை ஒப்பிடும் சோதனைகளைத் தெரிவு செய்தல்

“இந்தப் பன்னிரண்டையும் வீசிட்டுப் புதுசு வாங்குறதா, இல்லாட்டி நீங்க சொல்ற அந்த லினக்ஸைப் போடுறதா? ரெண்டுல எது கெதி?”

எங்கள் ஊர் வாசிகசாலையின் நிர்வாக சபைக் கூட்டத்தில் தலைவர் ஹாஜியார் என்னிடம் கேட்ட கேள்வி இது. பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன் என்பதால் இப்படியான கேள்விகள் என் பக்கம் வந்து விழுவது வழக்கம். வாசிகசாலையில் பன்னிரண்டு கணினிகள் உள்ளன. எல்லாம் பத்து வருடத்துக்கு முந்தியவை. சாதாரண தரப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் தேடவும், உயர்தரப் பிள்ளைகள் செயற்றிட்ட அறிக்கை தட்டச்சுச் செய்யவும், பெரியவர்கள் ஏதாவது படிவம் நிரப்பவும் வருகிறார்கள். ஆளுக்கு அரை மணித்தியாலம் என்பது ஒழுங்கு.

அவற்றில் இருந்தது வின்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளியான அந்த இயங்குதளத்துக்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்துவதாக மைக்ரோசொப்ட் அறிவித்திருந்தது. வின்டோஸ் 11க்குப் போகலாமென்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் செயலியென்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எங்களுடையவை நான்காம் தலைமுறை. ஆகவே முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்: ஊர்ச் சனத்தின் சந்தாக் காசில் புதுக் கணினிகள் வாங்குவது, அல்லது இருப்பவற்றில் இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவுவது.

செயலாளர் ஒரு தாளை நீட்டினார். இணையத்திலிருந்து அச்செடுத்த அட்டவணை. “இந்தா பாருங்க சேர், முக்காவாசிச் சோதனையில லினக்ஸ்தான் வெண்டிருக்கு. இதுக்கு மேல என்ன யோசிக்கிற?” என்றார்.

நான் ஒரு மாதத் தவணை கேட்டேன். சபையில் இரண்டு மூன்று பேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தவணை கேட்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதே அறையில், இதே மாதிரியான கேள்விக்கு, ஏற்கனவே ஒரு தடவை நான் பிழையான மறுமொழி சொல்லியிருக்கிறேன்.

பழைய பிழை

சில வருடங்களுக்கு முன்னர், “கணினி எல்லாம் இழுபடுது, லினக்ஸ் போட்டால் சரிவருமா?” என்று கேட்டார்கள். நான் ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, இரண்டிலும் கீக்பெஞ்ச் என்ற பிரபலமான சோதனை மென்பொருளை ஓட்டினேன். புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. “வித்தியாசம் இல்லை, இருக்கிறது இருக்கட்டும்” என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு எண்களையும் பார்த்தால் எவரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

பிள்ளைகளின் முறைப்பாடு மட்டும் குறையவில்லை. ஒரு நாள் பின்னேரம் ஒரு மகள் தன் அரை மணித்தியாலத்தை எப்படிச் செலவழிக்கிறாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். கணினி எழும்பும் வரை இருந்தாள். பிரவுசர் திறக்கும் வரை இருந்தாள். ஆவணம் திறக்கும் வரை இருந்தாள். எழுதத் தொடங்கிய பிறகு ஒரு தரம் கூடக் கணினி அவளைத் தாமதப்படுத்தவில்லை. அவளுடைய நேரத்தைத் தின்றது கணக்குப் போடும் வேகமல்ல, காத்திருப்பு. நான் அளந்ததோ கணக்குப் போடும் வேகத்தை மட்டும்.

நான் கண்ட எண் பொய்யல்ல. ஆனால் அது வேறொரு கேள்விக்கான மறுமொழி. இந்த இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்று விளங்கிக்கொண்டால், எந்தச் சோதனையை எடுப்பது, எதை விடுவது என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

இயங்குதளம் செய்கின்ற வேலை

பாடசாலைப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று வரும் இயங்குதளம் உண்மையில் என்ன செய்கிறது? கலியாண வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்வோம். கைதேர்ந்த சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் செயலி. மேற்பார்வைக்கு ஒரு காக்கா நிற்கிறார். எந்தச் சட்டி எந்த அடுப்பில் ஏற வேண்டும், அரிசி மூட்டை எப்போது உள்ளே வர வேண்டும், யாருக்கு எப்போது கரண்டி கொடுக்க வேண்டும் என்று பார்ப்பவர் அவர். அவர்தான் இயங்குதளம்.

சமையல்காரரிடம் ஒரு பெரிய சட்டியைக் கொடுத்து, “இதை ஒரு மணித்தியாலம் கிண்டுங்க” என்று விட்டால், மேற்பார்வைக்கு யார் நின்றாலும் சட்டி ஒரே நேரத்தில்தான் இறங்கும். கீக்பெஞ்ச் போன்ற சோதனைகளில் பெரும்பகுதி இந்தப் பெரிய சட்டி மாதிரி. படத்தைச் சுருக்குதல், தரவை நெருக்குதல் போன்ற வேலைகளில் மென்பொருள் நேரே செயலியோடு உழைக்கிறது. இடையில் இயங்குதளத்தை அவ்வளவாக அழைப்பதில்லை. ஆகவே இரண்டு இயங்குதளங்களிலும் புள்ளி நெருங்கி வருவது இயல்பு.

காக்காவின் திறமை தெரிவது இருபது சட்டியும் நாலு அடுப்பும் இருக்கும்போதுதான். முதல் சஹன் வெளியே போகிற நேரத்தில் இறைச்சி மூட்டையும் வந்து இறங்குகிறது என்றால், அப்போது பாருங்கள். கணினியில் இதற்குச் சமமானவை: ஒரு மென்பொருளை முதல் தரம் திறப்பது, நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளை வாசிப்பது, நினைவகம் நிரம்பிய பின் எதை வைத்திருப்பது எதை வெளியே அனுப்புவது என்று தீர்மானிப்பது, பின்னால் இற்றைப்படுத்தல் ஓடும்போதும் முன்னால் இருப்பவரின் விசைப்பலகைக்கு உடனே பதில் கொடுப்பது. இயங்குதளங்களை ஒப்பிட வேண்டுமானால் இந்த இடங்களில்தான் ஒப்பிட வேண்டும்.

கல்லில் வெட்டிய குறி

‘பெஞ்ச்மார்க்’ என்ற சொல் நில அளவையாளர்களிடமிருந்து வந்தது. உயரம் அளக்கும்போது, அசையாத ஒரு கல்லிலோ சுவரிலோ கிடையாக ஒரு கோடு வெட்டி, அதில் இரும்புத் தாங்கியைப் பொருத்தி அளவுகோலை நிறுத்துவார்கள். பிறகு யார் வந்து அளந்தாலும் அதே இடத்திலிருந்து தொடங்கலாம்.

கணினி உலகின் ஆரம்ப காலக் குறிகள் செயலியைப் பற்றியவை. 1972இல் பிரித்தானியாவில் எழுதப்பட்ட வெட்ஸ்டோன் என்ற சோதனை தசமக் கணக்குகளின் வேகத்தை அளந்தது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் முழு எண்களையும் எழுத்துச் சரங்களையும் கையாளும் ஒரு சோதனையை எழுதி, அதற்கு டிரைஸ்டோன் என்று பெயர் வைத்தார். ‘வெட்’ ஈரமென்றால் ‘டிரை’ உலர்ந்தது என்ற பகிடி. டிரைஸ்டோன் புகழடைந்த பின்னர், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்கள் அந்தச் சோதனையின் சில பகுதிகளை ‘தேவையற்ற வேலை’ என்று இனங்கண்டு தவிர்த்துவிடக் கூடியனவாக வளர்ந்தன. எண் கூடியது, பாவிப்பவரின் வேலை அதே அளவு கெதியாகவில்லை. இப்படியான குழப்பங்களுக்கு மாற்றாக, உண்மையான மென்பொருள்களைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்ற நோக்கில் 1988இல் ஸ்பெக் என்ற அமைப்பு உருவானது.

இயங்குதளத்தைத் தனியே எடுத்துக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் ஜோன் ஓஸ்டர்ஹவுட். 1990இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, வன்பொருள் வேகமடைகிற அளவுக்கு இயங்குதளங்கள் ஏன் வேகமடையவில்லை என்ற கேள்விதான். செயலி பல மடங்கு வேகமான புதிய இயந்திரங்களிலும், இயங்குதளம் செய்யும் வேலைகள் அதே விகிதத்தில் வேகமாகவில்லை என்று அவர் அளந்து காட்டினார். நினைவகத்தின் வேகமும் டிஸ்க்கின் வேகமும் செயலியோடு சேர்ந்து வளராதது இதற்குப் பெரிய காரணம். 1996இல் லாரி மெக்வோயும் கார்ல் ஸ்டேலினும் வெளியிட்ட எல்.எம்.பெஞ்ச் என்ற தொகுப்பு, இப்படியான சிறு சிறு இயங்குதள வேலைகளைத் தனித்தனியாக அளக்க வழி செய்தது.

முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய அந்தக் கண்டுபிடிப்பை நான் முன்பே கவனித்திருந்தால், செயலிப் புள்ளியை வைத்து வாசிகசாலைக்கு அறிக்கை எழுதியிருக்க மாட்டேன்.

சரியான எண், பொருந்தாத கேள்வி

இந்த விடயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவம் 1999இல் நடந்தது. அந்த வருடம் ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற சோதனை நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வின்டோஸ் என்.டி. சேர்வர் 4.0, லினக்ஸை விடக் கோப்புச் சேவையில் 2.5 மடங்கும் இணையப் பக்கச் சேவையில் 3.7 மடங்கும் வேகமானது என்றது அந்த அறிக்கை. சோதனையைச் செய்வித்தது மைக்ரோசொப்ட் என்பது தெரியவந்ததும் லினக்ஸ்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். லினக்ஸ் சரியாகச் சீரமைக்கப்படவில்லை என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் லினக்ஸ் தரப்பினரின் பங்களிப்போடு மீண்டும் சோதித்தபோதும் என்.டி.தான் முன்னுக்கு வந்தது.

அப்படியானால் அறிக்கை சரியா? அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சோதித்த இயந்திரம் நான்கு செயலிகளும் பல வலையமைப்பு அட்டைகளும் கொண்ட பெரிய சேர்வர். அந்தக் கால லினக்ஸில் வலையமைப்பு வேலைகளைப் பல செயலிகளுக்குச் சமாந்தரமாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி குறைவு. சோதனை அந்தப் பலவீனத்தில் கை வைத்தது. பலவீனம் உண்மையானது. லினக்ஸ் நிரலாளர்கள் அதை ஏற்று வேலை செய்து, 2001 ஜனவரியில் வெளியான 2.4 பதிப்பில் பெருமளவு சரிசெய்தார்கள். ஆனால் ஒரு செயலியும் ஒரு வலையமைப்பு அட்டையும் உள்ள சாதாரண இயந்திரம் வைத்திருந்தவருக்கு, அந்த 3.7 மடங்கு எதையும் சொல்லவில்லை.

இதில் இரண்டு தரப்புக்கும் படிப்பினை உண்டு. சோதனையை யார் செய்வித்தார் என்று கேட்பது நல்லது, ஆனால் அது போதாது. சோதிக்கப்பட்ட நிலைமை என்னுடைய நிலைமைதானா என்று கேட்பதே முக்கியம். செயலாளர் காட்டிய தாளும் அப்படித்தான். அதில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நிரல் தொகுத்தல், முப்பரிமாணப் படம் வரைதல், தரவுத்தளம் போன்ற வேலைகள். நம் வாசிகசாலையில் அவற்றை எவரும் செய்வதில்லை.

நம்மை ஏமாற்றும் நான்கு எண்கள்

முதலாவது, செயலிப் புள்ளி. அது பற்றிச் சொல்லிவிட்டேன். புதுக் கணினி வாங்கும்போது இரண்டு செயலிகளை ஒப்பிட அது உதவும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது.

இரண்டாவது, எழும்பும் நேரம். வின்டோஸ் 8இலிருந்து ‘பாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி வந்தது. கணினியை நாம் நிறுத்தும்போது, இயங்குதளத்தின் கருப்பகுதி முழுதாக அணைவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குகிறது. பாதித் தூக்கத்தில் இருப்பவரையும் முழுத் தூக்கத்தில் இருப்பவரையும் ஒரே நேரத்தில் எழுப்பி, யார் கெதியாக எழும்பினார் என்று பார்ப்பதைப் போன்றது இந்த ஒப்பீடு. முழுத் தொடக்கத்தை அளக்க வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். இல்லை, நம் பாவனையில் ஒவ்வொரு நாளும் அந்த வசதியோடுதான் திறக்கப் போகிறோம் என்றால் அப்படியே அளக்கலாம். எதை அளந்தோம் என்று எழுதி வைத்தால் போதும். இன்னொன்று, திரையில் படம் தெரிந்தவுடன் கடிகாரத்தை நிறுத்துவது பிழை. படம் வந்த பிறகும் டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ‘எவ்வளவு ரேம் தின்கிறது’ என்ற எண். இதை வைத்து இளைஞர்கள் சண்டையே பிடிக்கிறார்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தில் அடிக்கடி பாவிக்கும் கோப்புகளை வைத்துக்கொள்வது இன்றைய இயங்குதளங்களின் வழக்கம். தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். லினக்ஸில் ‘வெறுமையானது’ வேறு, ‘கிடைக்கக்கூடியது’ வேறு. இரண்டாவதைத் தனியே காட்டும் கணக்கு 2014இல்தான் கருப்பகுதியில் சேர்ந்தது. வின்டோஸ் 10 நினைவகத்தில் உள்ளதைச் சுருக்கியும் வைக்கிறது. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தன் முறையில் சொல்வதால், இரண்டு திரைகளில் தெரியும் எண்களைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

நான்காவது, பென் டிரைவில் பிரதி எடுக்கும் நேரம். லினக்ஸில் கோடு முடிந்து ‘பிரதி முடிந்தது’ என்று காட்டும்போது, கோப்பின் ஒரு பகுதி இன்னும் கணினியின் நினைவகத்தில் இருக்கலாம். பென் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றச் சொன்னால்தான் மிச்சம் எழுதப்படும். வின்டோஸ் 10இன் 2018 பிற்பகுதிப் பதிப்பிலிருந்து, விரைவாகக் கழற்றும் முறையே இயல்பாக அமைந்துள்ளது. ஆகவே கோடு முடியும் வரை அளந்தால் லினக்ஸுக்குப் பொய்யான வெற்றி கிடைக்கும். கழற்றலாம் என்ற செய்தி வரும் வரை அளக்க வேண்டும்.

தெரிவுக்கு மூன்று கேள்விகள்

இவற்றையெல்லாம் யோசித்த பின் ஒவ்வொரு சோதனையிடமும் மூன்று கேள்விகள் கேட்பதென்று தீர்மானித்தேன்.

இந்த வேலையை இங்கு வருகிறவர்கள் உண்மையில் செய்கிறார்களா? இந்த வேலையின் வேகத்தில் இயங்குதளத்துக்குப் பங்கு இருக்கிறதா? இதன் முடிவு மாறி வந்தால் எங்கள் தீர்மானமும் மாறுமா?

மூன்றாவது கேள்விதான் அதிகமான சோதனைகளை வடிகட்டியது. எந்தப் பக்கம் வந்தாலும் நம் தீர்மானத்தை அசைக்காத எண்ணை அளந்து என்ன பயன்?

ஆயத்தச் சோதனைகளிலும் சில இடறல்கள் உண்டு. அலுவலக வேலைகளை அளக்கும் பி.சி.மார்க் 10 நல்ல சோதனைதான், ஆனால் வின்டோஸில் மட்டும் ஓடுவது. அதைக் கொண்டு இரண்டு இயங்குதளங்களை ஒப்பிட முடியாது. ஸ்பீடோமீட்டர் என்ற பிரவுசர் சோதனையின் 3.0 பதிப்பை 2024இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட், மொசில்லா நான்கும் சேர்ந்து வெளியிட்டன. போட்டியாளர்கள் கூடி ஒப்புக்கொண்ட குறி என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது முதன்மையாக அளப்பது பிரவுசரை. இரண்டு பக்கமும் ஒரே பிரவுசரின் ஒரே பதிப்பு இருந்தால் மட்டும் இயங்குதளம் பற்றி ஓரளவு சொல்லும். ஃபொரோனிக்ஸ் டெஸ்ட் சூட் என்ற இலவசத் தொகுப்பு லினக்ஸிலும் வின்டோஸிலும் ஓடும். ஒவ்வொரு சோதனையையும் பல தடவை ஓட்டி, முடிவுகள் சிதறினால் தானாகவே இன்னும் சில தடவை ஓட்டும். அந்த ஒழுங்கை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். சோதனைகளை மட்டும் நாங்களே எழுதினோம்.

எங்கள் பட்டியல்

பட்டியலில் ஏழு வேலைகள் நின்றன:

1. ரீஸ்டார்ட் கொடுத்ததிலிருந்து, ஓர் ஆவணத்தில் முதல் தமிழ்ச் சொல்லைத் தட்டச்சுச் செய்து முடிக்கும் வரை.
2. பிரவுசரை முதல் தரம் திறப்பது, மூடிவிட்டு இரண்டாம் தரம் திறப்பது. இரண்டும் தனித்தனியாக.
3. தமிழோடு அரபு மேற்கோள்களும் கலந்த முந்நூறு பக்க ஆவணத்தைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போவது. இரண்டு பக்கமும் ஒரே லிப்ரே ஒஃபிஸ் பதிப்பு.
4. பத்து இணையப் பக்கங்கள், ஒரு பி.டி.எப். நூல், ஓர் ஆவணம் எல்லாம் திறந்திருக்க, மீண்டும் ஆவணத்துக்கு வந்து எழுதத் தொடங்குவது.
5. சின்னக் கோப்புகள் நிறைந்த ஒரு போல்டரைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கழற்றுவது.
6. அச்சிடச் சொன்னதிலிருந்து முதல் தாள் கைக்கு வரும் வரை.
7. ஒரு வாரம் அணைத்து வைத்திருந்த கணினியைத் திறந்தவுடன் 1, 2, 4 ஆகிய வேலைகளை மீண்டும் செய்வது.

இரண்டாவதில் முதல் தரத்தையும் இரண்டாம் தரத்தையும் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை வாசித்த கோப்புகளை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருப்பதால் இரண்டாம் தரம் கெதியாகத் திறக்கும். பலர் பத்துத் தரம் திறந்து இடை எடுத்து எழுதுகிறார்கள். அதில் ஒன்பது தரம் நினைவகத்தைத்தான் அளக்கிறார்கள். வாசிகசாலைப் பிள்ளை திறப்பது பெரும்பாலும் முதல் தரம்.

ஏழாவது வேலையை ஒரு மாணவன்தான் சேர்க்கச் சொன்னான். “சேர், கணினி ஆக மோசம் லீவு முடிஞ்சு வார நாள்ல” என்றான். அவன் சொன்னது சரி. இற்றைப்படுத்தலும் வைரஸ் சோதனையும் குவிந்து வருவது அப்போதுதான். புதிதாக நிறுவிய இயங்குதளத்தை உடனே சோதித்தால் இந்தச் சுமை தெரியாது.

வைரஸ் காவலை நிறுத்திவிட்டுச் சோதிப்பதுதான் நியாயம் என்று சிலர் சொல்வார்கள். நான் நிறுத்தவில்லை. பாவிக்கும்போது ஓடப்போவது சோதிக்கும்போதும் ஓட வேண்டும். சின்னக் கோப்புகள் அதிகமான வேலையில் இந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு என்பதை மைக்ரோசொப்ட்டே ஏற்றிருக்கிறது. 2023இல் நிரலாளர்களுக்காக வின்டோஸ் 11இல் அவர்கள் கொண்டுவந்த ‘டெவ் டிரைவ்’ வசதியின் ஒரு நோக்கம் அந்த விலையைக் குறைப்பதுதான்.

சோதனை நடத்திய விதம்

ஒரே கணினி, ஒரே டிஸ்க், ஒரே ஆவணம், ஒரே பென் டிரைவ். ஒரு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் போட்டால் இன்னொரு சிக்கல் வரும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் வெளி விளிம்புப் பகுதி உள் பகுதியை விட வேகமானது. எனவே ஒன்றை முழு டிஸ்க்கிலும் நிறுவி அளந்து, அழித்துவிட்டு மற்றதை நிறுவினோம்.

கடிகாரத்தை இரண்டு மாணவர்கள் பிடித்தார்கள். கையால் நிறுத்தற் கடிகாரம் அழுத்தும்போது செக்கனின் சில பத்திலொரு பங்கு முன்பின்னாகத்தான் வரும். ஆகவே ஒவ்வொரு வேலையையும் ஏழு தடவை செய்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் இடையத்தை எடுத்தோம். கூடவே ஆகக் குறைந்ததையும் ஆகக் கூடியதையும் எழுதினோம். இடையம் நன்றாக இருந்து, ஏழில் ஒரு தடவை மட்டும் ஒரு நிமிடம் உறைந்து நின்றால், பிள்ளைக்கு ஞாபகம் நிற்பது அந்த ஒரு தடவைதான்.

எவ்வளவு வித்தியாசம் வந்தால் அது வித்தியாசம்? ரொபர்ட் மில்லர் 1968இலும் யாக்கோப் நீல்சன் 1993இலும் எழுதியவை இங்கே உதவின. பத்திலொரு செக்கனுக்குள் பதில் வந்தால் மனிதருக்கு அது உடனடி. ஒரு செக்கன் வரை யோசனை அறுபடாது. பத்துச் செக்கனைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஒரு வேலை இரண்டு பக்கமும் ஒரே எல்லைக்குள் நின்றால் அதைச் சமன் என்றே எழுதினோம், நூற்றுவீதம் என்ன சொன்னாலும்.

கூட்டல் கழித்தல்

கடைசியில் எல்லாவற்றையும் ஓர் எண்ணாகச் சுருக்க ஆசை வரும். அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு பேச்சுக்கு இப்படி வைப்போம். ஒரு வேலை ‘அ’வில் 2 செக்கன், ‘ஆ’வில் 4 செக்கன். இன்னொரு வேலை ‘அ’வில் 4, ‘ஆ’வில் 2. ‘அ’வை அடிப்படையாக வைத்தால் ‘ஆ’வின் விகிதங்கள் 2உம் 0.5உம். அவற்றின் இடை 1.25. ஆகவே ‘ஆ’ 25 நூற்றுவீதம் மந்தம். இனி ‘ஆ’வை அடிப்படையாக வையுங்கள். இப்போது ‘அ’தான் 25 நூற்றுவீதம் மந்தம்! ஒன்றையொன்று விட இரண்டும் மந்தம் என்பது நடவாத காரியம். விகிதங்களைக் கூட்டி இடை எடுக்காதீர்கள், பெருக்கல் இடை எடுங்கள் என்று ஃபிளெமிங், வொலஸ் இருவரும் 1986இலேயே எழுதிவைத்தார்கள். பெருக்கல் இடையில் இரண்டுக்கும் 1 வரும். அதாவது சமன்.

‘இத்தனையில் இத்தனை வெற்றி’ என்ற செயலாளரின் தாளுக்கு இன்னொரு குறை. அரைச் செக்கன் வெற்றியும் ஒரு நிமிட வெற்றியும் அதில் ஒரே எடை. நாங்கள் அப்படிச் சுருக்கவில்லை. ஒரு பிள்ளையின் அரை மணித்தியாலத்தில் இந்த வேலைகள் எத்தனை தடவை வரும் என்று எண்ணி, காத்திருக்கும் மொத்த நிமிடத்தைக் கணக்கிட்டோம். நிமிடமாகச் சொன்னால் சபையில் எல்லோருக்கும் விளங்கும்.

சபைக்குச் சொன்னது

எங்கள் எண்களை இங்கே தரப்போவதில்லை. அவை அந்தக் கணினிக்கும் அந்தப் பிரின்டருக்கும் உரியவை. கிடைத்த படத்தை மட்டும் சொல்கிறேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில், லினக்ஸ் முதல் திறப்பிலும் லீவு முடிந்த நாளிலும் தெளிவாக முன்னுக்கு நின்றது. நாங்கள் நிறுவியது பாரம் குறைந்த எக்ஸ்.எப்.சி.ஈ. திரைச் சூழல். வேறு சூழலென்றால் வேறு முடிவு வந்திருக்கலாம். அச்சிடுவதில் வின்டோஸ் முந்தியது. எங்கள் பழைய பிரின்டருக்கு லினக்ஸில் பொதுவான டிரைவர்தான் கிடைத்தது. முந்நூறு பக்க ஆவணத்தில் இரண்டும் சமன்.

பிறகு அதே கணினியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஓர் எஸ்.எஸ்.டி. போட்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். இரண்டு இயங்குதளங்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி பெரும்பாலான வேலைகளில் ஒரு செக்கனுக்குள் சுருங்கியது. இரண்டுமே முன்னைய இரண்டையும் விட மிகக் கெதியாயின.

“அப்ப லினக்ஸா வெண்டது?” என்றார் ஹாஜியார்.

“இல்ல ஹாஜியார், டிஸ்க்தான் வெண்டது” என்றேன்.

வேகம் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது. இயங்குதளத்தைத் தீர்மானித்தது வேறொன்று: பாதுகாப்பு இற்றைப்படுத்தல் எதற்குத் தொடர்ந்து கிடைக்கும் என்பது. பன்னிரண்டுக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கினோம். மொத்தச் செலவு ஒரு புதுக் கணினியின் விலைக்குள் அடங்கியது. பதினொன்றில் லினக்ஸ் போட்டோம். ஒன்றை மட்டும் இணையத்தைத் துண்டித்து வின்டோஸிலேயே விட்டோம். வாசிகசாலையின் பழைய ஆண்டு மலர்கள் பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க ஓர் இயந்திரம் வேண்டும். எந்தச் சோதனைப் புள்ளியும் அந்தத் தேவையைச் சொல்லியிருக்காது.

சோதனைத் தாளைச் செயலாளரின் அலுமாரியில் வைத்திருக்கிறோம். ஆவணம், பென் டிரைவ், செய்முறை எல்லாம் அதே உறையில். அடுத்த பெரிய இற்றைப்படுத்தல் வந்த பின் அதே ஏழு வேலைகளையும் திரும்பச் செய்வதாக ஏற்பாடு. இந்த முறை கடிகாரம் பிடித்த இரண்டு மாணவர்களும் அப்போது உயர்தரம் முடித்துப் போயிருக்கலாம். தாள் இருந்தால் அடுத்து வருகிற பிள்ளைகள் அதே குறியிலிருந்து அளப்பார்கள்.